கீழ்ப்பங்கு பெரிது

சூர்யபிரகாஷுக்குக் காது குத்த ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது. குலசாமி கோயில் பூசாரிக்குச் சொல்லியாயிற்று, ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, கிடாய்கூடப் பார்த்து வைத்தாயிற்று. மடிதான் இல்லை.

போடிப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கிடாய் இல்லாமல் குத்தலாம், மேளம் இல்லாமல் குத்தலாம். மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கணக்கில்தான் சேரும். பிள்ளையின் அம்மா முத்துப்பிரியாவுக்கு ஒரே ஒரு அண்ணன். காசிமாயன் என்று பெயர். ராசிங்காபுரத்தில் பெண்டாட்டியோடு இருக்கிறான். ஆள் வாட்டசாட்டமானவன், மடியும் விசாலம். அவனோடுதான் அவளுக்கு வைகாசியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

புருஷன் வீட்டார் அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். உன் சித்தப்பா மகன் ஜக்கையன் இருக்கிறானே, அவனும் மாமன் முறைதானே, அவன் மடியில் உட்கார வைத்தால் பிள்ளையின் காது குத்திக்கொள்ள மாட்டேன் என்றா சொல்லப்போகிறது என்றார்கள். முத்துப்பிரியா சரியென்று தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை அன்று முழுக்க வலித்தது. கூடப் பிறந்தவன் கல்லுக்குண்டாக இருக்கும்போது பிள்ளையைத் தூக்கி இன்னொருத்தன் மடியில் வைப்பதா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. பங்கில் மோசம் செய்தவன் மடி எதற்கு என்று இன்னொரு பக்கம் முறுக்கிக்கொண்டது.

அந்தப் பங்குக் கதையைச் சொல்லுமுன் முத்துப்பிரியாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். அது சும்மா அலங்காரத்துக்கு. ரவிக்கை தைக்க வரும் பெண் கடைப்படியில் கால் வைக்கும்போதே அளவைச் சொல்லிவிடுவாள். போன தடவைக்கு இந்தத் தடவை இடுப்பு ஒரு இஞ்ச் கூடியிருக்கிறதே என்று நாலு பேர் இருக்கும்போதே சொல்லுவாள். அப்படி மானம் போனவர்கள்கூட அடுத்த தீபாவளிக்கு அவளிடம்தான் வந்தார்கள். அவள் கண்ணளவு அவ்வளவு சுத்தம். "எங்கண்ணு பொய் சொல்லாது" என்பாள். கண்ணால் காண்பதும் பொய் என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய பெயிண்டரே அதை நம்பியிருக்க மாட்டான். இவள் எங்கே நம்புவாள்?

இவர்களுடைய அப்பா பால்சாமிக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. மலை உள்வாங்கிக் குடைந்த இடத்தில், சரிவைச் சுற்றி வளைந்து கிடக்கும் தோட்டம். அப்பாவுக்கு வருஷத் திதி கழிந்ததும் அதைப் பாகம் பிரித்தார்கள். இவர்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தது கோடு போட வேண்டும், இளையது முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு போடுகிறவனுக்கு எது தன் பங்காக வருமென்று தெரியாது. அதனால் கோணலாகப் போட மாட்டான். எந்த வக்கீலுக்கும் வேலை வைக்காத வழக்கம்.

காசிமாயன் ஒரு நாள் பூராவும் நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்கினான். நடுவில் வளைவாக ஒரு கோடு எடுத்து, மூன்று இடத்தில் கல் நட்டு, கல்லுக்கு வெள்ளையும் அடித்தான். தோட்டம் இரண்டு பூசணிக்கீற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாற்போல மேல்பங்கு, கீழ்ப்பங்கு என்று ஆயிற்று. முத்துப்பிரியா தோட்டத்துக்குள் நின்று பார்த்தாள். மேல்பங்கில் ஊற்று இருந்தது. கோடையிலும் வற்றாத ஊற்று. யோசிக்காமல் மேல்பங்கு தனக்கு என்றாள். காசிமாயன் சிரித்துக்கொண்டே, ஊத்தத்தான் நீ எடுப்பன்னு எனக்குத் தெரியும் என்றான். அன்றைக்கு அது பாசமாகத்தான் காதில் விழுந்தது.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், நிழல் மிஞ்சவும் கூடாது. அதனால் மழைக்கு முன்னால் மரங்களில் ஏறிக் கொப்புகளைக் கழித்துவிடுவார்கள். வைகாசியில் இரண்டு பங்கிலும் ஒன்றாகவே ஆள் விட்டுக் கழித்தார்கள். அதுவரை ஒரே பச்சையாய் மூடிக் கிடந்த சரிவு, முடி வெட்டிய தலையாக எல்லாவற்றையும் காட்டியது. தோட்டத்துக்கு நேர் எதிரே ஜீப் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. அவள் புருஷன் ஈஸ்வரன் ஜீப் ஓட்டுகிறவன். தினமும் காலையில் வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவான். ஒரு நாள் முத்துப்பிரியாவும் கூடப் போனாள். வளைவில் ஜீப் திரும்பியபோது எதிர்ச்சரிவைப் பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

கீழ்ப்பங்கு பெரிதாக இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. மேல்பங்கின் இரண்டு முனையையும் தாண்டிக்கொண்டு கீழ்ப்பங்கு நீண்டு கிடந்தது. வெள்ளைக்கல் மூன்றும் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. முத்துப்பிரியா தனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று ஈஸ்வரனைக் கேட்டாள். அவனும் பார்த்துவிட்டுக் கீழே இருப்பதுதான் பெரிது என்றான். ஜீப்பில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார்கள். காயெடுப்பதில் பழம் தின்று கொட்டை போட்ட ராக்கு தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஏத்தா, கீழ்ப்பங்குதான் பெருசு. ஒங்கண்ணன் கயித்த நல்லாத்தான் புடிச்சிருக்கான்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. நான் ஊற்றைத்தான் எடுப்பேனென்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதானே கோட்டை மேலே தள்ளிப் போட்டிருக்கிறான்? முதலில் எடுக்கும் உரிமையை எனக்குக் கொடுத்த மாதிரிக் கொடுத்து, எதை எடுப்பேன் என்பதையும் அவனே முடிவு செய்துவிட்டானே? குரங்கணியிலிருந்து போடி வந்து சேருவதற்குள் இந்த நினைப்பு அவளுக்குள் வேர்விட்டு மரமாகிவிட்டது.

மறுநாள் போடி காய்கறி மார்க்கெட்டில் காசிமாயன் எதிரே வந்தான். கையில் தக்காளிப் பை. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் அவனை மறித்து நின்றாள்.

"தண்ணியக் காட்டி மண்ண எடுத்துக்கிட்டேல்ல? கூடப் பொறந்தவளுக்கு நல்லாப் படியளந்துட்ட அண்ணே."

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. காசிமாயன் முகம் செத்துப்போயிற்று. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சொல்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் நிற்பான் என்று முத்துப்பிரியா முடிவு கட்டினாள். தப்பில்லாதவன் என்றால் நாக்கு மேல் பல்லைப் போட்டு என்னடி பேசுகிறாய் என்று நாலு போடு போட்டிருக்க மாட்டானா?

ஈஸ்வரன் நிதானமான ஆள். சண்டை போடுமுன் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமே, உன் டேப் சும்மாதானே தொங்குகிறது என்றான். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். ஒரு ஜீப்பு ஆட்கள் பார்த்துச் சொன்ன பிறகு என்ன அளவு வேண்டிக்கிடக்கிறது என்பது அவள் வாதம். ஈஸ்வரனும் தன் கண்ணால் பார்த்தவன்தானே. அதற்குமேல் என்ன பேசுவான்?

ஆனி மாதம் ஒரு காலையில், வேலைக்காரர்களை இறக்கிவிட்ட பிறகு, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தோட்டத்துக்குள் போனார்கள். கல் மூன்றையும் பெயர்த்தெடுத்து, கொஞ்சம் கீழே தள்ளி நட்டார்கள். புதுக் கோட்டில் செடிகொடிகளைச் செதுக்கி, கல்லுக்கு மறுபடி வெள்ளை அடித்தார்கள். திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் மண்ணைத் தான் எடுத்துக்கொள்வதாகத்தான் நினைத்தாள். வேலை முடிந்து திரும்பும்போது வளைவில் நின்று பார்த்தாள். கீழ்ப்பங்குதான் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாம் தடவை போய் இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டார்கள். வளைவில் வந்து பார்த்தார்கள். அப்போதும் கீழ்ப்பங்கு இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டு கிடந்தது. ஈஸ்வரனுக்குச் சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது. "இப்படியே தள்ளிக்கிட்டே போனா கல்லு குரங்கணி பஸ் ஸ்டாப்புல வந்துதான் நிக்கும்" என்றான். அவள் சிரிக்கவில்லை. எவ்வளவு மண்ணை அமுக்கியிருந்தால் இவ்வளவு தள்ளியும் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று அண்ணன் மேல்தான் கோபம் கூடியது.

காசிமாயன் வந்து கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய உறுத்தல். கல்லைத் தள்ளியது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவனும் தோட்டத்துக்குப் போகிறவன்தானே. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் இவள் பத்து வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். அழுதிருப்பாள். சமாதானமும் ஆகியிருக்கும். அவன் வாயைத் திறக்காததால் எல்லாம் அப்படியே கெட்டிப்பட்டு, கடைசியில் பிள்ளையின் காதில் வந்து நின்றது.

ஆடி பாதியில் அமுதவள்ளி டீச்சர் ஒரு பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தார். சேலையோடு வந்த துணி, கத்தரித்தது போக ஒட்டுத்துண்டுகூட மிஞ்சாது. இப்போது வந்திருக்கும் மாடலில் ரவிக்கையின் அடியில் இடுப்புப் பட்டி நல்ல வளைவாக வரும். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. தையல்காரர்கள் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, ஒரே வெட்டில் இரண்டையும் எடுப்பார்கள். முத்துப்பிரியாவும் அப்படித்தான் வெட்டினாள். உள்ளே விறைப்புக்குக் கான்வாஸ் ஒட்டுவதற்காக இரண்டையும் மேஜையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பரப்பி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் போன் பண்ணினார். ஜக்கையன் மடியென்றே முடிவு செய்துவிடலாமா, அவனுக்கு வேட்டி சட்டை எடுக்க வேண்டுமே என்று கேட்டார். எடுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். பார்த்தால், கீழே இருந்த பட்டி மேலே இருந்ததைவிட நீளமாகக் கிடந்தது. யோசனை எங்கேயோ இருந்ததால் வெட்டு பிசகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்தரியை எடுத்துக் கீழே இருந்ததில் ஒரு விரற்கடை நறுக்கினாள்.

தைத்துப் பார்த்தபோது இடது பக்கம் சேரவில்லை. பட்டி எட்டாமல் ரவிக்கை தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்தெடுத்து ஒரு பட்டியின் மேல் இன்னொன்றை வைத்தாள். நறுக்கியது சரியாக ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது.

முத்துப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே மடிப்பில் ஒரே வெட்டில் வந்த துண்டு. அதில் ஒன்று எப்படிப் பெரிதாக இருக்க முடியும்? பெரிதாக இருந்ததே, கண்ணால் பார்த்துத்தானே நறுக்கினேன்?

பழைய நியூஸ் பேப்பரை மடித்து அதே வளைவில் இரண்டு துண்டு வெட்டினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்தாள். கீழே இருந்தது பெரிது. கீழே இருந்ததை எடுத்து மேலே வைத்து, மேலே இருந்ததைக் கீழே வைத்தாள். இப்போது அது பெரிது. ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தினாள், இம்மி பிசகாமல் பொருந்தியது. கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. மறுபடி கீழே வைத்தாள். ஒரே அளவு என்று தெரிந்த பிறகும் கீழே இருந்தது நீட்டிக்கொண்டு பெரிதாகத்தான் கிடந்தது. மேல்துண்டின் குட்டை விளிம்பு கீழ்த்துண்டின் நெட்டை விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பதால், கண் இதையும் அதையும் ஒப்பிட்டு ஏமாந்துபோகிறது என்று ஒருவாறு புரிந்தது. புரிந்தாலும் கண் கேட்கவில்லை.

மேஜையில் கிடந்தது ரவிக்கைப் பட்டி இல்லை, குரங்கணி மலைச்சரிவு என்று அவளுக்கு அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மார்க்கெட்டில் நாலு பேர் நடுவில் சொன்ன சொல்லை எதைக் கொண்டு அழிப்பது?

மத்தியானம் ஈஸ்வரன் சாப்பிட வந்தான். தட்டை வைக்குமுன் காகிதத்தை வைத்து, எது பெரிது என்று கேட்டாள். கீழே இருப்பது என்றான். இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். கீழே இருப்பது என்றான். அவனே எடுத்துப் பொருத்திப் பார்த்தான், சிரித்தான், மறுபடி பிரித்து வைத்தான். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப அந்தக் கல்லு?" என்றான்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பெரிய டேப்போடு தோட்டத்துக்குப் போனார்கள். கல் முதலில் இருந்த குழிகள் புல் மூடிக் கிடந்தன. தேடிக் கண்டுபிடித்து, அந்தக் குழியிலிருந்து மேல் எல்லை வரைக்கும், கீழ் எல்லை வரைக்கும் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் அளவு ஒன்றாகவே வந்தது. இரண்டு பங்கின் நீளமும் அப்படியே. காசிமாயன் வெறும் கயிற்றை வைத்துக்கொண்டு போட்ட கோட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பிசகும் இல்லை. ஒரு நாள் பூராவும் அவன் எதற்கு ஏறி இறங்கினான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

பிறகு கல் இப்போது நிற்கும் இடத்துக்கு இறங்கினார்கள். ஈஸ்வரன் நெற்றியைச் சுருக்கினான். நாம் இவ்வளவு கீழேயா நட்டோம் என்று கேட்டான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இருந்த ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் நட்டிருப்போம் என்றாள். கீழ்ப்பங்கில் ஒரு வரிசை ஏலச்செடி முழுசாக இவள் பக்கம் வந்திருந்தது. அண்ணன் வைத்து வளர்த்த செடி, தூரில் சரம்விட்டுக் காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

ஈஸ்வரன் கல்லைப் பெயர்க்கக் குனிந்தான். இப்போதே பழைய குழியில் நட்டுவிட்டால் கதை முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அவளுக்கும் ஒரு கணம் அந்த ஆசை வந்தது. கல்லைத் திருப்பி வைத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வெற்றிலை பாக்கோடு போய் நின்று, காதுகுத்துக்கு வா அண்ணே என்று சொல்லிவிடலாம்தான். அவன் வரவும் வருவான். ஆனால் சொல்லாமல் எடுத்ததைச் சொல்லாமலே வைத்தால் அதுவும் திருட்டில்தானே சேர்த்தி. கல் அப்படியே இருக்கட்டும், முதலில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

அடுத்த நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏறினாள். காகிதத் துண்டு இரண்டும் கைப்பைக்குள் இருந்தன. வாசலில் அண்ணன் பெண்டாட்டி சுகன்யா நின்றாள். வா என்று சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பிள்ளையைக் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். இவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. காசிமாயன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாதவன் மாதிரி நின்றான். ஆள் இளைத்திருந்தான். அதைச் சொல்ல அவளுக்கு டேப் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, கல்ல நாங்கதான் தள்ளி வச்சோம். ரெண்டு தடவ. நேத்து அளந்து பாத்தேன். நீ போட்ட கோடு சரி. நான் பேசுனதுதான் தப்பு."

மனப்பாடம் பண்ணி வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லதென்றுகூட நினைத்தாள். சொன்னது அவனுக்கு ஏறவில்லை போலிருந்தது.

"சரியா?" என்றான். "எது சரி?"

"கோடுதான். ரெண்டு பங்கும் ஒரே அளவு."

"இல்லத்தா. கீழ்ப்பங்கு பெருசு. நாந்தான் பாத்தேனே."

கொப்பு கழித்த அன்றைக்கே, இவள் பார்ப்பதற்கு முன்னாலேயே, காசிமாயன் அந்த வளைவில் நின்று பார்த்திருந்தான். இவள் கண்ணுக்குத் தெரிந்ததுதான் அவன் கண்ணுக்கும் தெரிந்தது. கோடு போட்ட அன்று மலையில் மஞ்சு இறங்கியிருந்தது, கயிறு நனைந்து இழுத்துவிட்டதோ, நான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று கிடந்து புழுங்கினானாம். ஊற்றை அவள் எடுப்பாளென்று முன்னாலேயே தெரியும் என்று வேறு வாயைவிட்டுச் சொல்லியிருக்கிறோம். இப்போது போய், தெரியாமல் நடந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? எப்படிச் சொல்லுவது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் மார்க்கெட்டில் அவள் கேட்டுவிட்டாள். பதில் சொல்ல அவனிடம் என்ன இருந்தது?

சுகன்யா கதவருகில் வந்து நின்றாள். சொல்லிவிடலாமா வேண்டாமா என்று கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லியேவிட்டாள்.

"நீங்க கல்லத் தள்ளுனப்ப இவரு கோவிக்கல பிரியா. சந்தோசப்பட்டாரு. அப்புறமும் அந்த வளைவுல போய் நின்னு பாத்துட்டு, இன்னமும் எம்பங்குதான் பெருசாத் தெரியுதுன்னு, போன மாசம் இவரே போய் ஒரு தடவ கல்லக் கீழ தள்ளி நட்டுட்டு வந்தாரு. ஒரு வரிசச் செடியோட போச்சு."

முத்துப்பிரியா பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். திருட்டு என்று தெரியாமல் அவள் எடுத்தாள். திருட்டே இல்லாமல் அவன் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வாய்விட்டு அழுதாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் கைப்பையைத் திறந்து காகிதத் துண்டுகளை எடுத்தாள். சிமெண்டுத் தரையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்து, எது பெரிது என்று அண்ணனைக் கேட்டாள். காசிமாயன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தான். கீழே இருப்பதைக் காட்டினான். அவள் இடம் மாற்றினாள். அவன் மறுபடியும் கீழே இருப்பதைக் காட்டிவிட்டு, காட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு அவனே இரண்டையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். விளிம்போடு விளிம்பு சேர்ந்திருந்தது. கீழே வைத்தான், மாற்றினான், பொருத்தினான். அதைவிட்டு அவன் கை நகரவே இல்லை. சுகன்யாகூடப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்ப நான் ஒன்னைய ஏமாத்தலையா ஆத்தா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே."

"நெசமாவா?"

"நெசமாத்தாண்ணே. டேப்பு வச்சு அளந்தேன்."

காசிமாயன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆள் தோள் குலுங்கி அழுவதை அவள் அப்பா செத்த அன்றுகூடப் பார்த்ததில்லை. சூர்யபிரகாஷ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் அழலாமா என்று உதட்டைப் பிதுக்கினான். சுகன்யா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காசிமாயன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், அவள் காதுகுத்துக்குக் குறித்திருக்கும் நாளையும் கோயிலையும் சொன்னாள். மடி கேட்டு வந்திருக்கிறேன், இல்லையென்று சொன்னாலும் சொல்லிக்கொள், உனக்கு உரிமை உண்டு என்றாள்.

"நாள் எனக்குத் தெரியும்" என்றான் அவன். "எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்து பிள்ளைய மடியில வாங்குறதுன்னுதான் வீட்டுக்குள்ளயே கெடந்தேன்."

சுகன்யா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பிள்ளைக்குச் சட்டை எந்த அளவு எடுக்கட்டும் என்று கேட்டாள். முத்துப்பிரியா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்து, நீயே அளந்துக்கோண்ணே என்றாள்.